கடைசி வரிசைத் தூண்

"முட்டியை இறுக்காதீங்க. தோளை இறக்குங்க. ஐயோ, அவங்களைப் பாருங்கப்பா, எப்படி நிக்கறாங்கன்னு பாருங்க."

பாட்டு மாஸ்டரின் கை கடைசி வரிசையைக் காட்டியது. முப்பது பேரும் திரும்பினார்கள். அங்கே, எப்போதும்போல் ஒரு வார்த்தை பேசாமல் நின்றிருந்தாள் தூண்.

அந்தப் பட்டப்பெயரை வைத்தவர் குழுவில் பாடும் தையல்காரர். அவள் வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. ஒரு நாள் காலைப் பயிற்சி நடக்கும்போது கூடத்தின் வாசலில் வந்து நின்றாள். மாஸ்டர் பாட்டையே நிறுத்திவிட்டார். பாதங்கள் தோள் அகலத்துக்கு விரிந்து, இரண்டிலும் சமமாக எடை ஊன்றி, நெஞ்சு மலர்ந்து, முகம் தூக்காமலும் தொங்காமலும் நேராக. இருபது வருஷம் அவர் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியும் இந்தக் கூட்டத்துக்கு வராத நிலை அது.

"சார், நான் வந்து..." என்று ஆரம்பித்தாள்.

"ஒண்ணும் சொல்ல வேணாம்மா. குரலைப் பேச்சுல செலவு பண்ணாதீங்க." கையோடு கூட்டிப்போய் வரிசையில் நிறுத்திவிட்டார்.

பாடச் சொல்லிப் பார்ப்பதெல்லாம் அவரிடம் கிடையாது. ஆள் நிற்பதை வைத்தே குரலை எடை போட்டுவிடுவேன் என்பதில் அவருக்கு அப்படியொரு பெருமை.

அந்தப் பெருமைக்குப் பலனும் இருந்தது. நாள் முழுக்க மெஷின்மேல் கவிழ்ந்தே கிடக்கும் தையல்காரர், அவளைப் பார்த்துப் பார்த்து நிமிர்ந்தார். கிணற்றுக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்த அவர் குரல் கூடத்துக்கு வந்தது. ஓடுகிற பஸ்ஸில் ஒற்றைக்காலில் சாய்ந்தே பழகிய கண்டக்டருக்கு, முழு வரியும் ஒரே மூச்சில் வந்தது. வருஷா வருஷம் சேர்ந்திசைப் போட்டியின் முதல் சுற்றிலேயே மூட்டை கட்டும் குழு, இந்தத் தடவை இறுதிச் சுற்றுக்குப் போய்விட்டது.

மாஸ்டர் கண் கலங்கி அவளிடம் வந்தார். "எல்லாம் உங்களாலதாம்மா."

"அதில்ல சார், உங்ககிட்ட ஒரு விஷயம்..."

"உஷ். தொண்டை பத்திரம்."

இப்போது இறுதிச் சுற்றுக்கு நாலே நாள். தனியாகப் பாட வேண்டிய டீச்சரம்மா காய்ச்சலில் குரல் போய்ப் படுத்துவிட்டார். தனிக்குரல் இல்லையென்றால் மேடையேற முடியாது.

"யாரு மாஸ்டர் பாடறது?" என்றார் கண்டக்டர்.

"இது ஒரு கேள்வியா?" மாஸ்டரின் பார்வை கடைசி வரிசைக்குப் போனது.

தையல்காரர் மெதுவாக இழுத்தார். "நானும் பக்கத்துலயேதான் நிக்கறேன் மாஸ்டர். இவங்க குரல் தனியா காதுல விழுந்ததே இல்லையே."

"விழாதுய்யா. சேர்ந்து பாடும்போது துருத்திக்கிட்டு நிக்காம கலந்து போறதுதான் வித்தை. உனக்கு இந்த ஜென்மத்துல வராது."

எல்லோரும் சிரித்தார்கள். அவளை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கீபோர்டு ஒலித்தது. மாஸ்டர் கையை உயர்த்தினார். அவள் நின்ற நிலையைப் பார்த்தே பாதிப் பேருக்கு மூச்சு சீரானது. இந்தப் பெண் நம்மைக் கரையேற்றிவிடுவாள் என்று மாஸ்டருக்குத் தோன்றியது.

கை இறங்கியது. பாட்டு வரவில்லை.

"சார், இன்னைக்காவது என்னைப் பேச விடுங்க," என்றாள் அவள். "எனக்குப் பாட வராது. மூணு மாசமா வாயைத்தான் அசைக்கறேன். நீங்கல்லாம் பாடறதைக் கேக்க நல்லா இருந்துச்சு. விட்டுட்டுப் போக மனசு வரல."

மாஸ்டர் கீபோர்டை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். "அப்போ... இப்படி நிக்க எங்கம்மா கத்துக்கிட்டீங்க?"

"எங்கயும் கத்துக்கல சார். இந்தக் கூடத்துக்கு மேல இருக்கற மாடி வீடு என்னோடது. நைட் டூட்டி முடிச்சுட்டு வந்தா, உங்க சத்தத்துல கண்ணை மூட முடியல. அன்னைக்கு வாசல்ல நான் வந்து நின்னது பாட்டுக்கு இல்ல, உங்ககூட சண்டை போடறதுக்கு."