பின்கதவைப் பூட்டுங்க

பக்கத்து மெஷின்காரி மட்டும் பிடுங்கி வைத்திராவிட்டால், ஊசியக்கா கையிலிருந்த கத்தரிக்கோல் அன்று என்ன செய்திருக்குமோ தெரியாது. மூன்று நாளாகச் சட்டைகளைக் களவாடியவள் கையும் களவுமாகச் சிக்கி, தையல் கூடத்தின் நடுவில் நின்றிருந்தாள். அவள் உடையிலிருந்து எடுத்த மூன்று புதுச் சட்டைகள் கட்டிங் மேஜைமேல் கிடந்தன.

"இவளுக்காகவா என் பையைக் கொட்டிக் காமிச்சேன்? பன்னெண்டு வருஷமா இங்க தைக்கிறேன். சட்டை காணோம்னு என் பொண்ணு கண்ணு முன்னாடியே வாசல்ல நிறுத்தி என்னைத் தடவிப் பார்த்தாங்களே!" என்று கத்தினாள் ஊசியக்கா.

உடைந்த ஊசியை வாங்கிக்கொண்டு புது ஊசி கொடுப்பது அவள் பொறுப்பு. உடைந்ததில் ஒரு துணுக்கு குறைந்தாலும் ஆளை எழுப்பித் தேடவைத்துவிடுவாள். நாக்கும் அதே கூர்மை. அவள் ஒரு வார்த்தை சொன்னால் அறுபது பெண்களும் மெஷினை நிறுத்திவிடுவார்கள் என்பதால் மேனேஜருக்கே அவளிடம் கொஞ்சம் உதறல்தான்.

போன மாதம் அயர்ன் போடும் பக்கம் தீப்பிடித்துப் புகை சூழ்ந்தபோது பின்கதவு பூட்டியிருந்தது. சாவி மேனேஜர் பாக்கெட்டில், மேனேஜரோ சாப்பிடப் போயிருந்தார். ஊசியக்காவின் மகளோடு சேர்த்துப் பதினோரு பேர் அந்தக் கதவைத் தட்டித் தட்டியே மயங்கி விழுந்தார்கள். எல்லாரும் செத்துப் பிழைத்தார்கள்.

அதற்குப் பிறகு ஊசியக்கா போட்ட சத்தத்தில்தான் இந்தத் திங்கட்கிழமை முதல் கதவு திறந்தது. "ஒரு வாரம் பார்க்கலாம்" என்று இழுத்தார் மேனேஜர். இனி அதைப் பூட்டவே கூடாது, பூட்டினால் ஒருத்தியும் தைக்க மாட்டாள் என்று அறுபது பேரும் கையெழுத்துப் போட்ட மனு ஊசியக்காவின் பையில் இருந்தது. இன்று சாயங்காலம் கொடுப்பதாக ஏற்பாடு.

"எப்படிம்மா வெளிய கொண்டுபோன?" மேனேஜர் குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"பின்கதவு வழியாத்தான் சார்," என்று விசும்பினாள் அவள். "திறந்து கிடந்துச்சு. புத்தி கெட்டுப்போச்சு."

கூடம் கொதித்தது.

"கதவைத் திறந்து வெச்ச அன்னிக்கே வந்து வேலைக்குச் சேர்ந்தா பாரு, நாசமாப் போறவ!" என்றாள் காஜா மெஷின்காரி.

"போலீஸைக் கூப்பிடுங்க சார்!"

"வேண்டாம்மா. அவளுக்கும் குடும்பம் இருக்கும். வேலையை விட்டு அனுப்பிடறேன்." மேனேஜர் பெருமூச்சு விட்டார். "கதவைத்தான் என்ன பண்றதுன்னு தெரியலை. பூட்டுன்னு நான் சொன்னா நான் கெட்டவன் ஆயிடுவேன். நீங்களே சொல்லுங்க."

"பூட்டுங்க சார்!" என்று ஒரு குரல் எழுந்தது. அடுத்த நொடி ஐம்பது குரல். நேற்றுவரை ஒருத்தி முகத்தில் ஒருத்தி விழிக்காத இரண்டாவது லைனும் மூன்றாவது லைனும்கூடத் தோளோடு தோள் நின்று கத்தின.

மகள் மட்டும் ஊசியக்காவையே பார்த்தாள். "அம்மா, அந்தப் புகை..." என்று ஆரம்பித்தாள்.

"நீ வாயை மூடு!" என்றாள் ஊசியக்கா. புகை அவளுக்கும் மறக்கவில்லை. ஆனால் வாசலில் கையைத் தூக்கிக்கொண்டு நின்ற அவமானம் அதைவிடச் சுட்டது. மனுவை எடுத்து எல்லார் முன்னிலையிலும் நாலாகக் கிழித்துப் போட்டாள்.

"இந்தத் திருட்டுக் கழுதைக்காகவா நான் கதவைத் திறக்கச் சொன்னேன்? பூட்டுங்க சார்!"

மேனேஜர் கைகூப்பினார். "தப்புப் பண்ணினவதான். ஆனா உங்க எல்லாரையும் ஒண்ணு சேர்த்துட்டா. இன்னிக்குத்தான் நாம ஒரே குடும்பமா இருக்கோம்." இதற்குக் கைதட்டினார்கள். சொல்லவே வயிறு எரிகிறது, தட்டினார்கள். பின்கதவு பூட்டப்பட்டது, சாவி பழைய பாக்கெட்டுக்கே போனது. வாட்ச்மேன் அந்தப் பெண்ணை முன்வாசல் வழியாக வெளியே தள்ளினான்.

ஊசியக்காவுக்கு மட்டும் ஆத்திரம் அடங்கவில்லை. சாப்பாட்டு மணி அடித்ததும் தெருவுக்கு ஓடினாள். கன்னத்தில் ஒன்று வைத்து, 'ஏன்டி இப்படிப் பண்ணின?' என்று ஒரே ஒரு கேள்வியாவது கேட்காவிட்டால் சோறு இறங்காது போலிருந்தது.

தெருமுனை பஸ் ஸ்டாப்பில் அந்தப் பெண் முதுகைக் காட்டி நின்றிருந்தாள். காதில் போன், குரலில் அழுத சுவடே இல்லை. பின்னால் போய் ஊசியக்கா ஓங்கிய கை, அவள் பேசியது காதில் விழுந்ததும் அப்படியே நின்றுவிட்டது.

"இங்க கதவைப் பூட்டியாச்சுண்ணே. அடுத்து எந்த ஃபேக்டரில நான் மாட்டிக்கணும்?"