முட்டுக் கொடுக்க ஆள் வேண்டும்

ஞாயிற்றுக்கிழமை சவாரிக்காகத் தன் பந்தய சைக்கிளின் எடையைக் குறைக்கப் புறப்பட்ட தனபால், முதலில் மணியைக் கழற்றி மூலையில் போட்டார். அதைக் கேலி செய்து சிரித்த ஸ்டாண்டு, அடுத்த வாரம் அதே மூலையில் வந்து விழுந்தது.

"வாங்க மாமா, நீங்களும் பாரமா?" என்றது மணி.

"சிரிக்காதே. ஒற்றைக் காலில் நின்று தாங்கியவன் நான். தேடி வராமலா போவார்?" என்று கறுவியது ஸ்டாண்டு.

டீக்கடைச் சுவரில் சாய்த்து வைத்த சைக்கிள் சரிந்து, ஹேண்டில்பார் கோணலாகி வீடு திரும்பியது. தனபால் மூலைக்கு வந்து கையை நீட்டினார். கொஞ்சம் கெஞ்சட்டும் என்று ஸ்டாண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவர் எடுத்ததோ பக்கத்தில் கிடந்த செங்கல்லை.

"நீ எங்கேடா கிளம்பிட்டே?" என்று பதறியது ஸ்டாண்டு.

"உங்க வேலைக்குத்தான் மாமா," என்றது செங்கல், அவருடைய முதுகுப் பைக்குள்ளிருந்து. "நிறுத்துற இடத்துல எல்லாம் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கணுமாம்."