அசையக்கூடாத முள்

பிற்பகல் மூன்று மணி. கல்லடியில் கச்சான் காற்றும் களைத்து நின்றுவிட்டது. வாவி தகரம் போல் கண்ணைக் கூசவைக்கிறது. ஏசி திருத்த வந்த அஸாம், இராசதுரையின் வீட்டுப் பின்சுவரில் முதுகைச் சாய்த்து, கால்களை நீட்டி உட்கார்ந்திருக்கிறான். இன்றைக்கு இது நாலாவது வீடு. பக்கத்தில் அவனுடைய பம்ப் உறுமி உறுமி, ஏசிக் குழாய்க்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி வெளியே துப்புகிறது. திறந்த ஜன்னலுக்கு உள்ளே, கட்டிலில் மூன்று தலையணைகளில் சாய்ந்தபடி இராசதுரை வாயைத் திறந்து காற்றைத் தேடுகிறார். மகள் பிரஷாந்தி கலண்டர் மட்டையால் கை மாற்றி மாற்றி விசிறுகிறாள். “இன்னும் எவ்வளவு நேரம் தம்பி? அப்பாக்கு மூச்செடுக்க ஏலாமக் கிடக்கு.” “குழாய்க்குள்ள ஒரு பொட்டுக் காத்து நிண்டாலும் கேஸ் போட ஏலாது அக்கா.” சொல்லிவிட்டு அவன் தலை குனிந்துகொள்கிறான். ஒருவழியாகப் பம்பை நிறுத்துகிறான். உறுமல் அடங்கியதும் பெரியவரின் இரைப்பு மட்டும் கேட்கிறது. இனிப் பத்து நிமிடம் குழாயில் மாட்டிய மீட்டரின் முள் அப்படியே நிற்கவேண்டும். அசைந்தால் எங்கோ ஓட்டை, காற்று உள்ளே புகுகிறது என்று அர்த்தம். அசையக்கூடாது என்று அவன் முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அசையவேண்டும் என்று அவள் அப்பாவின் நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். முள் அசையவில்லை. திடீரென்று இரைப்பும் கேட்கவில்லை. விசிறும் மட்டை பாதியில் நிற்கிறது. அஸாம் முள்ளை மறந்து எழுந்து, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்க்கிறான். நெஞ்சு மெல்ல மேலெழுகிறது. மட்டை மறுபடி ஆடுகிறது. அவன் சுவரோடு சரிந்து உட்கார்கிறான். எத்தனை நிமிடம் போனதென்று தெரியவில்லை. பத்து நிமிடத்தை முதலிலிருந்து எண்ணத் தொடங்குகிறான்.