கிணற்றுக்குள் சவுரிமுத்து

“வாளி கீழே வந்ததும் குடத்துத் தண்ணியை அதுல ஊத்து. அவ்வளவுதான் உன் வேலை. தும்மித் தொலைக்காதே சவுரிமுத்து.”

“நாத்தம் கொடலைப் புடுங்கினு கீது சார். அந்தாள சீக்கிரமா அனுப்பிடு” என்றது கிணற்றுக்குள்ளிருந்து ஒரு குரல்.

ஜெபராஜ் தலையை வெளியே இழுப்பதற்கும் வாசலில் லாம்பிரட்டா ஸ்கூட்டர் வந்து நிற்பதற்கும் சரியாக இருந்தது.

பொழிச்சலூரில் அவர் வீடு கட்டிக் குடிவந்த புதிதில் இந்தக் கிணற்றுத் தண்ணீர் இளநீராய் இனித்தது. பிறகு கொல்லைக்குப் பின்னால் இருந்த பள்ளத்தில் தோல் கழிவும் உடைந்த பேட்டரிகளும் லாரி லாரியாக வந்து விழுந்தன. குப்பையில் ஊறிய மழைநீர் மண்ணுக்குள் இறங்கிக் கிணற்றில் மஞ்சளாய் நுரைத்தது. துவைத்த வேட்டி நைந்தது. குடித்த பூனை செத்தது. மகள் அமலராணிக்குக் கைகால் முழுக்கப் புண். மருந்தை மாற்றிப் பிரயோஜனமில்லை, வீட்டை மாற்றுங்கள் என்று டாக்டர் கைவிரித்துவிட்டார்.

மாற்றுவதற்கு முதலில் இதை விற்க வேண்டுமே. வாங்க வந்தவர்கள் எல்லாரும் ஒரு வாய் தண்ணீரைக் குடித்தார்கள், துப்பினார்கள், போனார்கள்.

அதனால்தான் இன்று இந்த ஏற்பாடு. தண்ணி வண்டிக்காரன் சவுரிமுத்து அனகாபுத்தூர் நல்ல தண்ணீர் இரண்டு குடத்தோடு கிணற்றுக்குள் பாதி ஆழத்தில், இருட்டான உள்விளிம்பில் குந்தியிருந்தான். மனைவி ஞானசௌந்தரி, கோயிலுக்குப் போகும்போது மட்டும் தொடும் ஒடிகொலோன் சென்ட்டில் பாதியை உள்ளே கவிழ்த்திருந்தாள். வீட்டிலிருந்த அத்தனை படுக்கை விரிப்பும் கொடியில் தொங்கிக் குப்பை மேட்டை மறைத்தது.

ஸ்கூட்டரில் வந்த சுந்தரராமன், யாருக்காக வாங்குகிறார் என்று தரகரிடம்கூடச் சொல்லாதவர். வீட்டுக்குள் எட்டியும் பார்க்காமல் நேராகக் கிணற்றடிக்குப் போனார்.

“தண்ணி எப்படி?”

“தேன் சார். நீங்களே பாருங்க.”

ஜெபராஜ் வாளியை இறக்கினார். கீழே களக் களக் என்று சத்தம். மேலே வந்த தண்ணீரைச் சுந்தரராமன் ஒரு சொம்பு குடித்தார். நம்பாதவர் போல இன்னொரு சொம்பும் குடித்தார்.

அப்போது கிணறு தும்மியது.

“தவளைங்க. நல்ல தண்ணியிலதான் இருக்கும்” என்றாள் ஞானசௌந்தரி, கண் சிமிட்டாமல்.

சுந்தரராமன் சொம்பைக் கீழே வைத்தார். முகம் தொங்கிப் போயிருந்தது.

“போங்க சார். நீங்க சொல்ற விலைக்கே முடிச்சிடலாம்னு வந்தேன். பின்னால இருக்கற குப்பை மேடு ரொம்பிடுச்சு. இந்த இடத்தையும் வாங்கி இங்கேயே கொட்டலாம்னு பிளான். ஒரே கண்டிஷன், தண்ணி ஏற்கெனவே கெட்டிருக்கணும். இப்படிப்பட்ட தண்ணியை நாசம் பண்ண எவனுக்கு மனசு வரும்?”

“ஐயோ, இது விஷம் சார், சுத்த விஷம். இப்பவே காட்டறேன்” என்று ஜெபராஜ் வாளியைக் கிணற்றுக்குள் வீசினார்.

கொடுத்த வேலையில் குறை வைக்காத சவுரிமுத்து, இரண்டாவது குடத்தையும் அதில் கவிழ்த்தான்.