பதினோரு பூ

"எந்தக் கழுதடி என் கேட்டுக்குள்ள கைய வுட்டது? வெளங்குவியாடி நீ?"

காலை ஆறு மணி. படூரின் அந்தக் குறுக்குத் தெருவுக்கு அலாரம் தேவையில்லை. முனியம்மாவின் தொண்டை போதும்.

"கீழ விழுந்து வாடப்போற பவளமல்லிக்கு இத்தனை கூச்சலா? சரியான கஞ்சம்" என்றது தெரு, வழக்கம்போல.

பக்கத்து வீட்டு வசுமதியோ சாமி படத்துக்கு முன்னால் பதினோரு பூவை அடுக்கிவிட்டு, கையை அவசரமாகத் துடைத்துக்கொண்டாள்.

தரையில் விழுந்ததைப் பொறுக்கியே சாமிக்கு வைக்கலாம் என்கிற பூ அது. முனியம்மா வீட்டு கேட்டின் கம்பிகளுக்கு நடுவே ஒரு வளையல் கை தாராளமாக நுழையும். வாய்விட்டுக் கேட்கலாம்தான். ஆனால் வசுமதி, ஆட்டோக்காரரிடம் "இங்கே நிறுத்துங்க" என்று சொல்லக் கூச்சப்பட்டு, இரண்டு தெரு தாண்டிப் போய் இறங்கி நடந்து வருகிற ரகம்.

அவள் வீட்டிலும் ஒரு பவளமல்லி நின்றது. நட்டு நாலு வருஷம். கணவன் ரஞ்சித்குமாரைவிட ஒரு முழம் உயரம். இதுவரை ஒரு பூகூட இல்லை.

"ஞாயித்துக்கிழமை ஷெட் போட ஆள் வர்றாங்க வசு" என்றான் ரஞ்சித்குமார், புதுக் காரைத் தடவிக்கொண்டே. "மரம் நிக்கிற இடத்துலதான் கார் நிக்கும்."

"பூத்துடும்ங்க."

"நாலு வருஷமா இதையேதான் சொல்ற. சரி, ஞாயித்துக்கிழமை காலைக்குள்ள ஒரே ஒரு பூ காட்டு. ஷெட்டும் வேணாம், ஒண்ணும் வேணாம். கார் வெயில்ல காயட்டும்."

வசுமதியின் அம்மா ஊரில் காய்க்காத மரத்துக்கு ஒரு வைத்தியம் உண்டு. ஒருவர் அரிவாளோடு வந்து, வெட்டிவிடுவேன் என்று மிரட்ட வேண்டும். இன்னொருவர் குறுக்கே விழுந்து, "விட்டுடுங்க, அடுத்த வருஷம் காய்க்கும், நான் பொறுப்பு" என்று கெஞ்ச வேண்டும். மரம் பயந்துவிடும்.

ரஞ்சித்குமாரை மிரட்டச் சொன்னாள். காய்கறிக் கத்தியோடு மரத்தின் முன்னால் போய் நின்றவன், "சார், உங்க டெட்லைன் முடிஞ்சிடுச்சு..." என்று ஆரம்பித்து, சிரிப்புத் தாங்காமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

மரம் அவனை மதித்ததாகவே தெரியவில்லை.

நிஜமான தொண்டை வேண்டும். அது அந்தத் தெருவில் ஒருத்தியிடம்தான் இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் வசுமதி மூன்று தடவை முனியம்மாவின் வாசல் வரை போய்த் திரும்பினாள். நாலாவது தடவை மாட்டிக்கொண்டாள்.

"இன்னா, கேட்டாண்டயே நடந்துகினு கீற? எதுனா வோணுமா?"

"அக்கா... ஒரு உதவி. எங்க மரத்தைத் திட்டணும்."

முனியம்மா ஒரு நிமிஷம் முழித்தாள். விஷயத்தைக் கேட்டதும் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, இளநீர் வெட்டும் கத்தியோடு கிளம்பிவிட்டாள்.

"ஏண்டி! நாலு வருசமா குந்திகினு தண்ணி குடிச்சிகினு கீறியே, ஒரு பூ வெக்கத் துப்பு கீதா உனுக்கு? சொரசொரன்னு தழைய வச்சிக்கினு யாருக்குடி சோக்கு காட்ற? ஒரே வெட்டு, அடுப்புக்குப் பூடுவ!"

கத்தி உயர்ந்தது. ரஞ்சித்குமார் காருக்குப் பின்னால் பதுங்கினான். வசுமதி கண்ணை மூடிக்கொண்டு மரத்தைக் கட்டிப்பிடித்தாள்.

"விட்டுடுங்கக்கா! நான் பொறுப்பு! நாளைக்கே பூத்துடும்!"

அவளிடம் அப்படி ஒரு குரல் இருப்பது அன்றுதான் தெருவுக்குத் தெரிந்தது.

கத்தி பாதியில் நின்றது. "நாளிக்கா? அடுத்த வருசம்னுதானடி சொல்வாங்க?"

"நாளைக்கு ஷெட் போட வர்றாங்கக்கா. வெட்டிடுவாங்க." வசுமதிக்குக் கண் நிறைந்துவிட்டது.

முனியம்மா ஒரு கிளையை வளைத்து நுனியைப் பார்த்தாள். "ம்" என்றாள். போய்விட்டாள்.

மறுநாள் காலை ரஞ்சித்குமார் போட்ட கூச்சலில் காக்கைகள் பறந்தன.

"வசூ! ஓடி வா!"

மரத்தடி முழுக்கப் பூ! வெள்ளை வெளேரென்ற இதழும் பவழக் காம்புமாக, கால் வைக்க இடமில்லை. வசுமதி கைதட்டினாள், குதித்தாள், அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள். அவன் ஒரு கையால் போனை எடுத்தான்.

"ஷெட் வேணாம்ண்ணா. மரம் பூத்துடுச்சு. ஆமாண்ணா... பயந்துபோய்."

தட்டு நிறைய அள்ளும்போதுதான் வசுமதி கவனித்தாள். கிளையில் ஒரு மொட்டுகூட இல்லை. கிளை எட்டாத கார் கண்ணாடி மேலும் பூக்கள், மதில் பக்கமிருந்து யாரோ வீசியதுபோல. மணி ஆறரை ஆகிவிட்டது, முனியம்மாவின் கத்தல் இன்னும் கேட்கவில்லை.

தட்டோடு பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். முனியம்மாவின் மரத்தடி வெறிச்சென்று கிடந்தது. அவள் படியில் உட்கார்ந்து டீயை ஊதிக்கொண்டிருந்தாள்.

"அக்கா... எங்க மரம் பூத்துடுச்சு."

"பூக்காம? நம்ம சவுண்டு அப்டி!"

முனியம்மா தட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வசுமதியின் உள்ளங்கையில் வைத்தாள். சரியாகப் பதினொன்று.

"சாமிக்கு இத்தினிதான வெப்ப? உன்னுது நெசமா பூக்கற வரிக்கும் தெனம் நாலு கை வீசறேன். உங்க வூட்லயே பொறுக்கிக்க."

வசுமதிக்குக் காது மடல் சுட்டது. "தெரியுமாக்கா? அப்ப ஏன் தினம் அப்படிக் கத்தினீங்க?"

"ஒரு நாளாச்சும் வாயத் தொறந்து கேப்பியான்னுதான். நேத்துதான் தொறந்த."

மதிலுக்கு மேலே ரஞ்சித்குமாரின் தலை முளைத்தது. "அக்கா! பார்த்தீங்களா எங்க மரத்தை?"

முனியம்மா டம்ளரைக் கீழே வைத்தாள். வசுமதியைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினாள். எழுந்து இடுப்பில் கை வைத்து, தெருவே அதிர ஆரம்பித்தாள்:

"அது கெடக்கட்டும் நைனா! என் மரத்தடிய மொத்தமா வாரிக்கினு போன கழுத எவடி? வெளங்குவியாடி நீ?"