முதல் இருக்கை

அரசு விமானங்களைக் கணினியே ஓட்டத் தொடங்கி, விமானிகள் இல்லாமல் போன பிறகு, பயணிகளுக்குத் தைரியம் சொல்ல ஒரு மனித முகம் தேவைப்பட்டது. அதனால் விமானத்தைச் சோதித்துக் கையெழுத்திடும் பொறியாளரின் வீட்டாரில் ஒருவர், நீலச் சால்வை போர்த்திக்கொண்டு முதல் இருக்கையில் பறக்க வேண்டும் என்று விதி வந்தது.

அன்று பொறியாளர் பிலோமினாவின் கணவர் சகாயம் அந்த இருக்கையில் உட்கார்ந்திருந்தார். எஞ்சினைத் தடவிப் பார்த்த பிலோமினாவின் நகத்தில் ஒரு கீறல் தட்டியது. கணினியோ குறையில்லை என்றது. அவள் கையெழுத்துப் போடாமல் படியேறி வந்தாள்.

"எறங்குங்க."

"என்ன ஆச்சு பிலோ?"

"எறங்குங்கன்னா எறங்குங்க."

இருவரும் இறங்கி வந்தபோது, கீழே நின்ற மேலாளர் வரதன் கோபப்படவே இல்லை. "பரவால்ல மேடம், கையெழுத்து நான் பாத்துக்கறேன்" என்றார். வேனிலிருந்து அதே மாதிரி நீலச் சால்வை போர்த்திய ஒருவன் இறங்கி விமானத்தில் ஏறினான்.

"யார் சார் அது?"

"நம்ம ஆளுதான். மாட்டேன்னு சொன்னவங்கள்ல நீங்க முதல் ஆள் இல்ல."

பயணிகள் ஏறத் தொடங்கினார்கள். கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண் வாசலில் நின்றபடி, முதல் இருக்கையில் இருந்த அவனிடம், "உங்க வீட்ல யாருங்க இன்ஜினியர்?" என்று கேட்டாள்.

"என் சம்சாரம்தான்."

பிலோமினா படியில் பாய்ந்தேறி வாசலை மறித்தாள். "நான்தான் இன்ஜினியர். இவரு யாருன்னே எனக்குத் தெரியாது. எல்லாரும் எறங்கிடுங்க!"

பயணிகள் அவளைப் பார்த்தார்கள். பிறகு சால்வையைப் பார்த்தார்கள்.

"நேரமாச்சும்மா," என்றாள் குழந்தைக்காரி. "கொஞ்சம் வழிய விடுங்க."