செயினுக்குத் தேங்காய் எண்ணெய்

கசார்வாடி டீக்கடை வாசலில் நின்ற அந்தக் கறுப்பு சைக்கிளைப் பார்த்ததும் கோகுல்நாத்துக்குக் கால் நகரவில்லை. எப்படியாவது அதைக் கிளப்பிக்கொண்டு போய்விட வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கும் போசரி தொழிற்சாலைக்கு நடராஜா சர்வீஸ்தான்.

ஆனால் வண்டிக்குப் பக்கத்தில் ஓர் ஆள் குந்தியிருந்தான். கோகுல்நாத்தைப் போல மூன்று பேரை ஒரே கையால் தூக்கிப் போடுகிற உடம்பு. செயினில் தேங்காய் எண்ணெயைக் கொட்டிக்கொண்டே, "சனியனே, இன்னும் கத்துதே!" என்று தமிழில் திட்டினான்.

புனே தெருவில் தமிழ் காதில் விழுந்தால் விடலாமா? கோகுல்நாத் போய் ஒட்டிக்கொண்டான்.

"அண்ணனுக்கு எந்த ஊருங்க?"

அந்த முரட்டு முகம் மலர்ந்துவிட்டது. "ஆம்பூர். பேரு ஜெகதீசன். நீ?"

"கோயமுத்தூருங்க. ஏனுங்கண்ணா, செயினுக்குப் போய்த் தேங்காய் எண்ணெயா? புழுதியெல்லாம் அப்பிக்குமுங்களே!"

எதிர்க்கடைக்கு ஓடி மிஷின் எண்ணெய் வாங்கி வந்தான். முதலில் பழந்துணியால் செயின் அழுக்கை வழித்தான். பெடலைப் பின்பக்கமாகச் சுற்றியபடி கண்ணிக்கு ஒரு சொட்டு விட்டான். வழிந்ததைத் துடைத்தான். ரிம்மில் தெறித்திருந்ததையும் விடவில்லை. அங்கே பிசுக்கு இருந்தால் பிரேக் பிடிக்காது, தப்பிக்கிற நேரத்தில் அது பெரிய வம்பு.

ஜெகதீசன் டீ வாங்கிக் கொடுத்தான், கூடவே ஒரு பன்னும். அதைத் தின்றுவிட்டு ஏமாற்றுவது கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. இருந்தாலும் பன்னைத் தின்றான்.

"ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்தாத்தானுங்க சத்தம் போச்சான்னு தெரியும்."

வேறு எவன் கேட்டிருந்தாலும் அறை விழுந்திருக்கும். ஜெகதீசன் ஒரு கணம் யோசித்தான். "நம்மாளு. உன்னை நம்பாம யாரை நம்புறது? போயிட்டு வா தம்பி."

தெருமுனை வரை கோகுல்நாத் மெதுவாகத்தான் போனான். திரும்பியதும் மிதித்தான் பாருங்கள், அப்படி ஒரு மிதி! "டேய், திருட்டுப் பயலே!" என்ற கத்தல் பின்னால் தேய்ந்து மறைந்தது. செயினிலிருந்து ஒரு முனகல்கூட இல்லை. வண்டியை அவன் நிறுத்திய இடம் போலீஸ் ஸ்டேஷன்.

"போன மாசம் திருட்டுப் போச்சுன்னு புகார் கொடுத்தேனே, என் சைக்கிள், அது கிடைச்சிடுச்சு" என்று உடைந்த இந்தியில் அவன் சொன்னதும் ஏட்டு மீசையை நீவிக்கொண்டார்: "நாங்க தேட ஆரம்பிச்சா கிடைக்காம போகுமா?"